பருந்தின் முதுகு

மார்ச் 4

வாலு,

உன் கடிதம் வந்தது. உடனே பிரிக்கவில்லை. உறையை மேசையில் வைத்து அதன்மேல் வேலைத் தாள்களை அடுக்கிக்கொண்டே போனேன். ஒருநாள் தாள்கள் தீர்ந்துபோயின. பிரிக்க வேண்டியதாயிற்று.

“ரெண்டு வருஷமாச்சு, இப்பவாவது பேசலாமா அக்கா” என்று கேட்டிருக்கிறாய். பேச முடியாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. எல்லாம் முடிந்த பிறகு தொலைபேசியில் “கிளம்பி வா” என்றாய். அந்தக் குரலை மறுபடி கேட்டால் நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவேன். “அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க, உன் வேலை கெடும்னாங்க” என்ற உன் பதில் எனக்கு மனப்பாடம். அதைத் திரும்ப எழுதாதே.

ஆனால் கடிதம் எழுதலாம். ஒரு நிபந்தனையோடு. பூ, பூச்சி, பறவை. இவை மட்டும். உன் உடம்பு, என் உடம்பு, வேலை, அம்மாவின் அலமாரி, யார் யாரை எப்போது மன்னிப்பது, எதுவும் வேண்டாம். மீறினால் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

வீட்டுக்குப் பின்னால் பழைய சரக்கு ரயில் பாதை இன்னும் இருக்கிறதா? சின்ன வயதில் நாம் திரிந்த இடம்தான். வசந்தம் தொடங்கிவிட்டது. அங்கே போய்ப் பார்த்து எழுது. எனக்கும் அது தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல்கலைக்கழகக் காப்பகத்தில் நாள் முழுவதும் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயரெழுதுகிறேன். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை.

எங்கே பார்த்தாய், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது. ‘அழகாக இருந்தது’ என்று எழுதாதே. அது தகவல் இல்லை.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறேன். கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமா?

ரயில் பாதை இருக்கிறது. தண்டவாளத்தில் பாதியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மீதியைக் களை மூடிவிட்டது. களை என்றால் உனக்குக் கோபம் வரும். தும்பை, நெருஞ்சி, வெட்டுக்காயப் பூண்டு, சரிவில் எருக்கு. நெருஞ்சி சின்ன மஞ்சள் பூவாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. படம் வரைய உட்கார்ந்தேன், முள்மேல் உட்கார்ந்தேன். இது தகவல்தானே?

எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஒன்று. வயிற்றை வளைத்து இலைக்கு அடியில் முட்டை வைத்துக்கொண்டிருந்தது. ஒன்று வைக்கும், எழும்பும், அடுத்த இலைக்குப் போகும். எல்லாப் பிள்ளையையும் ஒரே இலையில் போட்டால் சண்டை வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

பாதையின் கடைசியில் ஆட்காட்டிக் குருவி. என்னைப் பார்த்ததும் ‘இங்கே ஏன் வந்தாய், எதற்கு வந்தாய்’ என்று கத்தியபடி முன்னும் பின்னும் ஓடியது. உன் ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டுத் தையற்காரியும் துணைக்கு வந்தாள். நடுவில் நடுவில் நான் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டேன், வெயில். அவள் குடை பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“இதுக்கெல்லாமா பேரு இருக்கு? நான் புல்லுன்னுல்ல நெனச்சேன்.”

“எங்க அக்கா காதுல விழுந்தா செத்தீங்க. உங்களையும் தாள்ல ஒட்டிப் பேரெழுதிடுவா.”

அப்புறம் நீல நிறத்தில் ஒரு சின்னப் பட்டாம்பூச்சி. சட்டைப் பொத்தான் அளவுதான். அழ... மன்னிக்கவும். நீலமாக இருந்தது.

வாலு


மார்ச் 27

வாலு,

‘நீலமாக இருந்தது’ போதாது. அந்த அளவில் நீலனில் பல வகை உண்டு. உட்கார்ந்தபோது இறக்கையை மூடியதா, மூடியிருந்தால் அடிப்புறத்தில் புள்ளிகள் எப்படி இருந்தன, எந்தச் செடியில் உட்கார்ந்தது? செடியைச் சொன்னால் பூச்சியைப் பாதி சொன்ன மாதிரி.

வெந்தய வரியன் பற்றி எழுதியது நல்ல குறிப்பு. பிள்ளைகள் சண்டை பற்றிய உன் விளக்கம் தேவையில்லை. இலை தீர்ந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிப் பிரித்து வைக்கிறது.

ஆட்காட்டி பக்கத்தில் முட்டை வைத்திருக்கும். வெறும் தரையில், கூழாங்கல் மாதிரி இருக்கும். பார்த்துக் கால் வை. அடுத்த முறை பார்த்தால் எழுது.

நெருஞ்சிப் பூ காலையில் எப்போது விரிகிறது என்றும் பார்க்க முடியுமா? எனக்குக் கிடைப்பதெல்லாம் மூடிப்போய், தாளில் நசுங்கி வந்ததுதான்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. எழுத்து கோணலாக இருப்பதற்கும் மன்னி, மடியில் வைத்து எழுதுகிறேன்.

இந்த முறை சரக்கு நிறைய. முதலில் காக்கை. குல்மோகர் மரத்தின் உச்சிக் கவட்டில் கூடு. சுள்ளியோடு இரும்புக் கம்பித் துண்டுகளும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. உள்ளே முட்டைகள், வெளிறிய நீலப் பச்சை, மேலே யாரோ பழுப்பு மையை உதறிய மாதிரித் தெறிப்பு. வெயில் ஏறினால் தாய் உட்காருவதில்லை. விளிம்பில் நின்று இறக்கையை விரித்து நிழல் தருகிறது. வாயைத் திறந்தபடியே நிற்கிறது பாவம்.

வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாகப் போகின்றன. கொன்னை வெள்ளையன்தானே? காலையிலிருந்து மதியம்வரை எல்லாம் ஒரே திசையில். ஒரு கட்டடம் குறுக்கே வந்தால் சுற்றிப் போவதில்லை, செங்குத்தாக ஏறித் தாண்டிப் போகின்றன. அவ்வளவு மெல்லிய உடம்புக்கு அப்படி என்ன அவசரம்?

சாயங்காலம் உழவாரன் குருவிகள். முதுகின் அடியில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிகிறது. கத்திக்கொண்டே கூட்டமாகச் சுற்றுகின்றன, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.

வாலு


ஏப்ரல் 25

வாலு,

சில கேள்விகள்.

வெள்ளையன் எந்தப் பூவில் உட்கார்ந்தது? ஒன்றுகூடவா உட்காரவில்லை?

காக்கைக் கூட்டுக்குள் எப்படிப் பார்த்தாய்? இந்த வயதில் குல்மோகர் ஏறினாயா? அது எளிதில் முறிகிற மரம். ஏறியிருந்தால் இனி ஏறாதே.

நெருஞ்சி பற்றிக் கேட்டிருந்தேன். நீலன் எந்தச் செடியில் உட்கார்ந்தது என்று கேட்டிருந்தேன். ஆட்காட்டி முட்டை பற்றிக் கேட்டிருந்தேன். எதற்கும் பதில் இல்லை. கேட்டதை விட்டுவிட்டு உனக்குப் பிடித்ததை எழுதுவது சின்ன வயதிலிருந்தே உன் வழக்கம்.

காக்கை நிழல் தருகிற விவரம் மட்டும் நன்றாக இருந்தது. இரண்டு தரம் படித்தேன்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்கா,

மரம் ஏறவில்லை. ஆனாலும் பார்த்தேன். முட்டை பொரிந்துவிட்டது. குஞ்சுகளுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, வாய் மட்டும் சிவப்பாக. குல்மோகர் இப்போது முழுக்கப் பூத்துவிட்டது. இலையே தெரியவில்லை, சிவப்பு ஜமக்காளத்தை விரித்து அதன்மேல் கூட்டை வைத்த மாதிரி இருக்கிறது.

இன்றைய விசேஷம் கரும்பருந்து. நீ கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: முதுகு மங்கின பழுப்பு, இரண்டு இறக்கையின் மேல்புறத்திலும் குறுக்கே வெளிறிய பட்டை, வெயில் பட்டால் அந்தப் பட்டை தவிட்டு நிறத்தில் மின்னுகிறது. வால் லேசாகக் கவட்டை. இறக்கையை அசைக்காமல் வாலை மட்டும் திருப்பித் திருப்பி வண்டி ஓட்டுகிறது. நீ இவ்வளவு நாள் பருந்து பருந்து என்று சொன்னாயே, அதன் முதுகு இப்படி இருக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லையே.

நெருஞ்சியை அப்புறம் பார்க்கிறேன். கோபிக்காதே.

வாலு


மே 19

வாலு,

நேராகவே எழுதுகிறேன். பருந்து பறக்கும்போது தரையில் நிற்கிறவருக்குத் தெரிவது அதன் வயிறும் இறக்கையின் அடிப்புறமும். எப்போதாவது சாய்ந்து திரும்பும்போது ஒரு நொடி மேல்புறம் தெரியலாம். நீ எழுதியிருப்பது ஒரு நொடியில் பார்த்தது இல்லை. நிதானமாகப் பார்த்து எழுதியது. பறவைப் புத்தகங்களில் முதுகுப்புறத்தைத்தான் படமாகப் போடுவார்கள். எந்தப் புத்தகம் என்று கேட்கப்போவதில்லை.

காக்கை முட்டையின் நிறமும் புத்தகத்தில் இருக்கும். பூவில் உட்காராத பட்டாம்பூச்சியும் அப்படித்தான் வந்திருக்கும். ரயில் பாதைக்கு நீ போகவே இல்லை, இல்லையா? முதல் முறை போனாய், அலுத்துவிட்டது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு, எனக்கு வேறொன்றைக் காட்டுவது உனக்குப் பழக்கம். அதற்கு இந்தக் கடிதங்களையும் பயன்படுத்துவாய் என்று நினைக்கவில்லை. இது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அக்கா


மே 30

அக்கா,

நான் பார்த்ததைத்தான் எழுதினேன். ஒரு வரிகூடப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. என்னிடம் புத்தகமே இல்லை.

நீ நிறுத்துவதானால் நிறுத்து. நான் நிறுத்த மாட்டேன்.

காக்கைக் குஞ்சுகளில் ஒன்று செத்துவிட்டது. தாய் அதைக் கூட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மற்றதற்கு ஊட்டுகிறது. குல்மோகர் உதிரத் தொடங்கிவிட்டது. மழை ஒன்று வந்தது. வருவது தூரத்திலேயே தெரிந்தது, ஒவ்வொரு கூரையாக நனைத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் பருந்துகள் எல்லாம் கீழே இறங்கி வட்டமடித்தன. எல்லாவற்றின் முதுகையும் பார்த்தேன். எழுதிவிட்டேன், நம்புவது உன் இஷ்டம்.

வாலு


ஜூன் 8

வாலு,

இதுவரை உன்னைப் பொய்க்காரி என்று வைத்துக்கொண்டுதான் உன் கடிதங்களைப் படித்தேன். நேற்று எல்லாவற்றையும் எடுத்து வைத்து, நீ எழுதியது அத்தனையும் உண்மை என்று வைத்துக்கொண்டு படித்தேன். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முறை அது. உனக்கு மட்டும் அந்த நியாயத்தைச் செய்யவில்லை.

உண்மை என்றால், பருந்து உனக்குக் கீழே பறக்கிறது. உழவாரனும் கீழே. காக்கைக் கூடு கீழே. குல்மோகரின் உச்சி உனக்கு ஜமக்காளமாகத் தெரிகிறது. மழை கூரை கூரையாக வருவது தெரிகிறது.

மார்ச் கடிதத்தில் தும்பை இருக்கிறது, நெருஞ்சி இருக்கிறது, ஆட்காட்டி ஓடுகிறது. ஏப்ரலிலிருந்து ஒரு தரைப் பூகூட இல்லை. தரையில் நடக்கிற ஒரு குருவிகூட இல்லை. பட்டாம்பூச்சி போகிறது, எதிலும் உட்காருவதில்லை. நான் நெருஞ்சியைக் கேட்டுக் கேட்டு உன்னைத் துளைத்திருக்கிறேன். அதைப் பார்க்க நீ இறங்க வேண்டும். நீ இறங்கவில்லை. இத்தனை வாரமாக ஒரே கூடு, ஒரே மரம்.

உன் பக்கத்தில் அவ்வளவு உயரமான கட்டடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அம்மா கடைசியாகக் கிடந்த கட்டடம்.

பல் செட் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். மடியில் வைத்து எழுதுகிறேன் என்றாயே. வேலை செய்கிறவர்களுக்கு மேசை உண்டு.

தொலைபேசியில் அழைத்தேன். அணைத்து வைத்திருக்கிறாய்.

நிபந்தனையை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எழுது. என் ஊகம் தவறு என்றால் அதைத்தான் முதல் வரியில் எழுது. என் வாழ்க்கையில் நான் தவறாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு விரும்பியதில்லை.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

ஊகம் சரி. ஒன்பதாவது மாடி. ஜன்னலோரக் கட்டில், அதற்கு நான் சண்டை போட்டு வாங்கினேன்.

ஈரலில் இருக்கிறது. படம் போட்டுக் காட்டினார்கள். வேறு இடங்களுக்கும் போய்விட்டது. மருந்து ஏற்றினார்கள், மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இதைவிட விவரமாக எழுத எனக்குத் தெரியாது, நீ திருத்தவும் வேண்டாம்.

மறைத்தேன் என்று மட்டும் சொல்லாதே. அம்மா விஷயத்தில் மறைத்தேன், அதற்கு நீ என்ன வேண்டுமானாலும் சொல். இதில் மறைக்கவில்லை. பிப்ரவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லத்தான் ‘பேசலாமா’ என்று உனக்கு எழுதினேன். பூ, பூச்சி, பறவை என்று பதில் வந்தது. உன் உடம்பு வேண்டாம் என்று எழுதியே அனுப்பியிருந்தாய். மீறினால் நிறுத்திவிடுவேன் என்றாய். நீ நிறுத்துவாய், எனக்குத் தெரியும். அதனால் உடம்பை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்.

முதலில் அது பெரிய வேதனையாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் அது மட்டும்தான் பிடித்தது.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பட்டறையில் பத்து வருஷமாக என்னோடு மல்லுக்கு நின்றவன்கூட வந்து, “நீங்க செஞ்ச பல்லு மாதிரி யாருக்கும் வராதுங்க” என்று கண் கலங்கினான். எனக்கு எரிச்சலாக வந்தது. உன் கடிதத்தில் மட்டும்தான் எனக்குத் திட்டு விழுகிறது. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன் என்று நீ எழுதியதைத் தையற்காரி கொண்டுவந்து கொடுத்தாள். அன்று முழுக்க அழுதேன். மறுநாள் எடுத்துப் படித்துச் சிரித்தேன்.

நர்ஸம்மா கேட்டார்: “என்னங்க, நல்ல சேதியா?”

“ஆமா, எங்க அக்கா என்னைக் கிழி கிழின்னு கிழிச்சிருக்கா.”

எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா இருக்கிறார், பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் கட்டிலுக்கு ஜன்னல் கிடையாது. நான் பார்ப்பதைச் சத்தமாகச் சொல்வேன். “பாப்பா, இன்னிக்கு எது போச்சு?” என்பார். வெள்ளையன் கூட்டமாகப் போகிறது என்று சொன்னால், “அதுங்க எல்லாம் டிக்கெட் எடுத்துருக்கா, பாரு” என்பார். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிப் பார்ப்பேன்.

நீ வராதே அக்கா. வந்தால் நீயும் என் கையைப் பிடித்துக்கொள்வாய். உன் முகம் அந்த மாதிரி ஆவதைப் பார்க்க என்னால் முடியாது. எழுது. நான் எழுதுவதில் குற்றம் கண்டுபிடி. அது போதும்.

பருந்து விஷயத்தில் நீ மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

வாலு


ஜூன் 27

வாலு,

பருந்து விஷயத்தில் மன்னித்துக்கொள். உன் குறிப்பு சரியானது.

இன்று பார்த்தவை. காலி மனை, கம்பி வேலியின் உட்புறம். மண் இறுகியது, நடுவில் சிமென்ட் மூட்டைக் கிழிசல்களும் உடைந்த நாற்காலி ஒன்றும்.

நெருஞ்சி. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் விரிந்தது. ஐந்து இதழ், ஒவ்வொன்றும் நுனியில் மட்டமாக வெட்டிய மாதிரி. விரிந்ததும் எறும்பு வந்தது, தேனீ அதற்குப் பிறகுதான் வந்தது.

புளியாரை, சுவரின் நிழலில். அதில் புல் நீலன். நீ மார்ச்சில் பார்த்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மூடிய இறக்கையில் சாம்பல் நிறம், கரும்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் வெள்ளை வளையம். இலைக்கு அடியில் முட்டை வைத்தது. முட்டையைப் பார்க்கத் தாடை மண்ணில் படும்வரை குனிய வேண்டியிருந்தது.

வெட்டுக்காயப் பூண்டு எங்கும். தும்பை, வேலி மூலையில் மட்டும்.

வாலாட்டி ஒன்று உடைந்த நாற்காலிக்கு அடியில் நடந்துபோயிற்று. என்னைக் கண்டு பயப்படவில்லை.

இவை எதுவும் உயரத்திலிருந்து தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 28

அக்கா,

இதை நர்ஸம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபால் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நேற்றும் முந்தாநாளும் எங்கள் கட்டடத்துக்கு அடியில் இருக்கிற காலி மனையில் ஒரு பெண்பிள்ளை தரையோடு தரையாகக் கவிழ்ந்து கிடந்தாள். பிட்டம் மட்டும் மேலே. கண்டக்டரம்மாதான் “ஏன் பாப்பா ஜன்னலையே முழிச்சுப் பார்க்கிற?” என்றார். சொன்னேன். “யாராவது கம்மலைத் தொலைச்சிருப்பாங்க” என்றார்.

செக்யூரிட்டி போய் விசாரித்தான். அவள் எழுந்திருக்காமல் கையை மட்டும் நீட்டி அவனை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். எதையோ மிதித்துவிடுவான் போலிருக்கிறது. அவன் பயந்துபோய் இரண்டு அடி தள்ளி நின்றான். உலகத்தில் அப்படிச் செய்கிற ஆள் ஒருத்திதான்.

வராதே என்றேன். வந்துவிட்டு, கீழேயே இருந்துகொண்டு, வராதவள் மாதிரி எழுதுகிறாய். மறைப்பது என் பழக்கம் என்றாயே.

முத்திரை இல்லாத உன் கடிதத்தை இன்று கொண்டுவந்த தையற்காரியை உலுக்கினேன், உண்மையைக் கக்கிவிட்டாள். அம்மா வீட்டில்தான் தங்கியிருக்கிறாயாம். அலமாரியைத் தொடவே இல்லையாம்.

மேலே வா. லிஃப்ட் வலது பக்கம். கையைப் பிடிக்கக் கூடாது.

வாலு


ஜூலை 30

வாலு,

நீ தூங்குகிறாய். மருந்தை அதிகமாக்கியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து நீ பேசவில்லை. உன்னோடு பேசாமல் இருந்து எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் மேலே வந்த அன்று நீ முதலில் சொன்னது, “என்னக்கா, இவ்வளவு நரைச்சிட்ட, கிழவி.” நான் சொன்னது, “உன் கையெழுத்து ரொம்ப மோசமாயிடுச்சு.” கண்டக்டரம்மா இருவரையும் பார்த்து, “நல்லாயிருக்கு போங்க, இதுக்குத்தானா இவ்ளோ நாளா ஜன்னலைப் பார்த்துட்டிருந்தே?” என்றார். கையை நான் பிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், ஒரு மதியம், நீ கேட்டாய்.

“இன்னும் என்மேல கோவமா?”

ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று நான் யோசிக்கவில்லை. இருந்தது. இருப்பதை இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

“ஆமா.”

“நெஜமா?”

“நெஜமாத்தான். உயிரோட இருக்கிறப்ப அம்மா முகத்தைப் பார்க்க விடலையே நீ.”

நீ சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய்.

“அப்பாடா. சாகப்போறவகிட்ட யாரும் கோவமா இருக்க மாட்டாங்கக்கா. எல்லாரும் விட்டுட்டாங்க. நீ கோவமா இருக்கிற வரைக்கும் எனக்கு இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். தயவுசெஞ்சு விட்டுடாதே.”

“விடமாட்டேன்” என்றேன்.

அதிலிருந்து தினமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன், இருக்கிறதா என்று. கஷ்டமே இல்லை. அந்தத் தொலைபேசிக் குரலை, “கிளம்பி வா” என்பதை, நினைத்துக்கொண்டால் போதும். நெஞ்சில் சுருக்கென்று வரும். வந்ததும் உன்னைப் பார்த்து ஏதாவது திட்டுவேன். தலையணையை ஏன் இப்படி வைத்திருக்கிறாய், தண்ணீரை ஏன் மிச்சம் வைத்தாய். உனக்கும் அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாய்.

இன்று காலை உனக்கு நகம் வெட்டினேன். கை என் மடியில் இருந்தது, எடையே இல்லை. நகம் வெட்டுவது கையைப் பிடிப்பது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டிக்கொண்டே வழக்கம்போல அந்தக் குரலை நினைத்தேன்.

அந்தக் குரல் அழுதுகொண்டிருந்தது, வாலு. “கிளம்பி வா” என்று சொல்லிவிட்டு நீ தொலைபேசியை வைக்கவே இல்லை. நான்தான் வைத்தேன். அந்தப் பக்கத்தில் நீ அம்மாவோடு தனியாக நின்றிருக்கிறாய். அத்தனை நாளும் தனியாகத்தான் நின்றிருக்கிறாய். இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் கேட்ட குரல் அது. அதில் அழுகை இருந்ததை இன்று காலையில்தான் கேட்டேன்.

மறுபடி தேடினேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததை நினைத்தேன், நான் ரயிலில் வந்துகொண்டிருந்ததை நினைத்தேன், வந்து பார்த்தபோது பூட்டிக் கிடந்த அம்மாவின் அறையை நினைத்தேன். எதிலும் அந்தக் கோபம் இல்லை. எப்போது போயிற்று என்று என்னால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. போய்விட்டது. நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

நர்ஸம்மா பார்த்துவிட்டு, “என்னாச்சும்மா, வெட்டுப்பட்டிருச்சா?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன்.

இந்தக் கடிதத்தை உனக்குக் கொடுக்க மாட்டேன். இதை மட்டும் உனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறேன். நீ விழித்துக்கொண்டால் கேட்பாய், எனக்குத் தெரியும். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு “ஆமா” என்று சொல்லப்போகிறேன். சொன்னால் நம்புகிற மாதிரிச் சொல்ல வேண்டும், உன்னை ஏமாற்றுவது எளிதில்லை.

கண்ணைத் திறந்ததும் உன்னைத் திட்டுவதற்கு ஒரு குற்றம் வேண்டும். காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். போர்வை சரியாக இருக்கிறது, தலையணை சரியாக இருக்கிறது. எதுவுமே கிடைக்கவில்லை.

அக்கா